ஊண் அறிவுரையும் ஊர் வழக்கமும்

எதை உண்பது, எதை விலக்குவது, எவ்வளவு உண்பது என்று ஒருவர் மற்றொருவருக்கு எடுத்துரைப்பதே போஷாக்கு ஆலோசனை எனப்படுகிறது. கேட்ட அளவில் இஃது எளிய காரியமாகவே தோன்றும். உணவில் அடங்கிய சத்துக்கள் இவை, உடலுக்கு வேண்டிய அளவு இது என்று நூல்கள் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. அக்கணக்கை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல, அவர் அதன்படி நடந்தால் நோய் நீங்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், சுகாதார சேவையில் ஈடுபட்டோர் பல நாடுகளிலும் கண்ட அனுபவம் வேறு. சொல்லப்பட்ட அறிவுரை சரியானதாய் இருந்தும், கேட்டவர்கள் தலையை அசைத்துவிட்டு வீடு திரும்பி, முன்போலவே சமைத்து முன்போலவே உண்டு வந்தனர். சிலர் சிகிச்சை நிலையத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அவ்வாறு வராமற்போன தாயின் இடுப்பில் மெலிந்த குழந்தை ஒன்று இருந்திருக்குமாயின், அந்த இழப்பை ஈடுசெய்வது எவ்வாறு?

இத்தோல்விக்குப் பொதுமக்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் சொல்பவரிடத்தும் ஓர் அறியாமை இருத்தல் கூடும். உணவின் சத்தை நன்கு அறிந்த அவர், அதே உணவுக்கு அந்த வீட்டில் என்ன பொருள் உண்டு என்பதை அறியாதிருக்கலாம். அது யாருக்கு உரியது, எந்நாளில் ஆகாதது, எந்த உறவுடன் பிணைந்தது, எந்த அச்சத்தைக் கிளப்புவது என்பவற்றை எந்தச் சத்துணவு அட்டவணையும் காட்டுவதில்லை. இவ்வுண்மையைத் தெளிவாக்கும் மூன்று ஊர்களின் வரலாற்றை முதலில் நோக்குவோர்க்கு, இலங்கையின் அடுக்களைகளில் நிகழ்வதும் எளிதில் விளங்கும்.

மேற்கு ஆபிரிக்காவில் இன்று கானா என வழங்கும் நாடு, 1957 ஆம் ஆண்டு வரை தங்கக் கரை என்ற பெயருடன் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1929 இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் அங்குச் சென்று பணியேற்றார். அக்ரா நகரத்து வைத்தியசாலைக்கு வந்த சிறு குழந்தைகள் பலரிடம் அவர் ஒரே விதமான நோயைக் கண்டார். காலும் கையும் வீங்கியிருக்கும். தோல் கருத்துத் திட்டுத்திட்டாய் உரியும். தலைமயிர் நிறம் மங்கும். குழந்தை எதிலும் நாட்டமின்றிச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். தாய்ப்பால் மறந்து, சோளக் கஞ்சியையே பெரிதும் நம்பி வளர்ந்த குழந்தைகளே இந்நோய்க்கு ஆளாயின. அக்காலத்து வைத்திய நூல்களில் இதற்குப் பொருந்தும் பெயர் இருக்கவில்லை. இது பெல்லக்ரா என்னும் பழைய நோயே என்று வாதிட்ட வைத்தியரும் இருந்தனர்.

வில்லியம்ஸ் அம்மையார் நூல்களோடு நின்றுவிடவில்லை. அவ்வூர் மக்கள் இந்நோயை எவ்வாறு அழைக்கின்றனர் எனவும் கேட்டறிந்தார். கா மொழி பேசும் அம்மக்களிடையே அதற்குக் ‘குவாஷியோர்க்கர்’ என்ற பெயர் முன்னரே வழங்கிவந்தது. அடுத்த குழந்தை பிறக்கையில், இடமிழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பதே அச்சொல்லின் பொருள். நோய் யாருக்கு, எப்போது, எதனால் வருகின்றது என்ற முழு விளக்கமும் அந்த ஒரு சொல்லினுள் அடங்கியிருந்தது. அவர் 1933 இல் இந்நோயைப் பற்றி எழுதினார். 1935 இல் அக்கட்டுரையைத் தொடர்ந்து எழுதியபோது, மக்கள் வழங்கிய பெயரையே நோய்க்கு இட்டார். இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் அப்பெயரையே வழங்குகின்றனர். புரதக் குறைவு ஒன்றையே இந்நோய்க்குக் காரணமாகக் கூறுதல் போதாது என்பதும், தொற்றுநோய் முதலியனவும் அதிற் பங்குபற்றுகின்றன என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளாற் புலனாயின. எனினும், தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு ஈடான உணவு கிடைப்பதில்லை என்ற அடிப்படை உண்மையைக் கா மொழித் தாய்மார் முன்னரே கண்டிருந்தனர்.

தமிழருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. ‘சவலை’ என்ற சொல் தமிழில் நெடுங்காலமாக உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதனால் பால் குன்றி, அதனால் மெலிந்த பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று பாட்டிமார் சொல்வர். கடலாலும் கண்டத்தாலும் பிரிந்த இரு மக்கட் கூட்டத்தார் ஒரே துன்பத்தைக் கண்டு, ஒரே காரணத்தை உணர்ந்து, தத்தம் மொழியில் அதற்குப் பெயரிட்டனர். சவலை என்ற சொல்லைப் பழங்கதை என்று தள்ளும் ஆலோசகர், பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி வேண்டும் என்பதை அத்தாய்க்கு விளக்குவதற்கு வாய்த்த தக்க வாயிலையே அடைத்துவிடுகிறார்.

வில்லியம்ஸ் அம்மையாரின் பிற்காலப் பணி இதன் மறுபக்கத்தையும் காட்டுகின்றது. 1936 இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய தகரப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவிவருவதையும், அதனாற் குழந்தைகள் இறப்பதையும் கண்டு, 1939 இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். புதியது, நாகரிகமானது, வைத்தியர் ஒப்புக்கொண்டது என்ற தோற்றத்துடன் வெளியிலிருந்து வந்த அறிவுரை, பழைய நல்வழக்கம் ஒன்றை அழித்துக்கொண்டிருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்துவது பற்றிய சர்வதேச ஒழுங்குவிதியை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது 1981 ஆம் ஆண்டிலேதான். வழக்கம் என்றால் தீயது, புதியது என்றால் நல்லது என்று கொள்ளுதல் எத்துணைத் தவறு என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வரலாறு தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்தில் உள்ள போலேலா என்ற இடத்தைச் சேர்ந்தது. 1940 இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் அங்கு ஒரு சுகாதார நிலையத்தை நிறுவினர். அங்கு வாழ்ந்த சூலு மக்களிடையே போஷாக்கின்மை மிகுந்திருந்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முட்டையும் பாலும் உண்ணவேண்டும் என்று நிலையத்தார் விரும்பினர். இரண்டுக்கும் வழக்கம் தடையாக நின்றது. ஆயினும் இரு தடைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். இக்கண்டுபிடிப்பே அவர்களுடைய வெற்றிக்கு வித்தாயிற்று.

முட்டையை உண்ணாமைக்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணம் சிக்கனம். நாளை கோழியாகப் போவதை இன்று உண்டுவிடுதல் வீண் செலவு என்றும், பேராசை என்றும் கருதப்பட்டது. இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியதன்று. விளக்கிச் சொல்லச் சொல்ல, முட்டையை உண்போர் தொகை பெருகியது. பாலின் நிலை வேறு. ஒரு வீட்டு மாட்டின் பாலை அவ்வீட்டுத் தலைவனின் குலத்தைச் சேர்ந்தோர் மாத்திரமே அருந்தலாம். மணமாகி வந்த பெண் பிற குலத்தவள் ஆதலால், கணவன் வீட்டுப் பால் அவளுக்கு விலக்கு. மாதவிலக்குக் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் அவள் மாடுகளின் அருகே செல்வதும் ஆகாது; சென்றால் மந்தைக்குக் கேடு விளையும் என்று அஞ்சினர். குலம், முன்னோர், மாட்டுச் செல்வம் ஆகிய மூன்றோடும் பின்னிய இந்நம்பிக்கையைப் போஷாக்குப் பாடம் ஒன்றினால் அசைத்தல் இயலாது.

அதனை அசைக்க நிலையத்தார் முயலவும் இல்லை. அவர்கள் பால்மாவை வரவழைத்துக் கொடுத்தனர். அது மாட்டுப் பாலினின்றும் செய்யப்பட்டது என்பதை அறிந்திருந்தும், அதை உட்கொள்வதற்கு அக்குடும்பங்கள் தடை சொல்லவில்லை. ஏனெனில் விலக்கு பால் என்னும் பொருளின் மேல் இருக்கவில்லை. அந்த வீட்டு மந்தையின் மேல் இருந்தது. எங்கோ பிறந்த மாட்டின் பால், மாவாகி வந்தபோது, எந்தக் குலத்தின் உரிமையையும் அது மீறவில்லை. வழக்கத்தை அவமதியாமலே தாயின் பசிக்கு வழி பிறந்தது. விலக்கின் உண்மையான எல்லை எதுவென்று பொறுமையுடன் கேட்டறிந்திராவிடில், இந்த வழி புலப்பட்டிராது.

மூன்றாவது வரலாறு தோல்வியைப் பற்றியது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் லொஸ் மொலினோஸ் என்றோர் ஊர் உண்டு. ஏறக்குறைய 200 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில், குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகும் பழக்கத்தை உண்டாக்குவதற்காகச் சுகாதார ஊழியர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று உழைத்தார். அதன் பயனாகப் புதிதாக அப்பழக்கத்தை மேற்கொண்ட குடும்பங்கள் 11 மாத்திரமே. எட்வேட் வெல்லின் என்னும் ஆராய்ச்சியாளர் இதன் காரணத்தை ஆராய்ந்து 1955 இல் வெளியிட்டார். அவ்வூர் மக்கள் ஒவ்வோர் உணவையும் சூடானது, குளிர்ந்தது என்று வகுத்திருந்தனர். அவ்வகுப்பு அடுப்பின் வெப்பத்தைப் பற்றியது அன்று. பொருளின் இயல்பைப் பற்றியது. காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது என்பது அவர்கள் துணிபு. நலமுள்ள ஒருவர் அதைப் பருகினால், தம்மை நோயாளி என்று தாமே அறிவித்துக்கொள்வதாகும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி ஊழியர் எவ்வளவோ எடுத்துரைத்தும், காய்ச்சிய நீர் என்ற சொல் அவ்வீடுகளில் வேறு பொருளையே தந்துகொண்டிருந்தது.

சூடு, குளிர்ச்சி என்ற பாகுபாட்டை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பப்பாசியும் அன்னாசியும் சூடு. இளநீரும் வெள்ளரியும் குளிர்ச்சி. சளி பிடித்த பிள்ளைக்குத் தோடம்பழம் ஆகாது. கர்ப்பிணிக்குப் பப்பாசி ஆகாது. இவ்வகை விலக்குகளை எல்லாம் ஒரே நிறையாக நிறுத்துதல் கூடாது. வழக்கங்களை நன்மை தருவன, தீமையில்லாதன, தீமை தருவன என மூன்றாகப் பிரித்துக் காண்பதே ஆலோசகரின் முதற்கடமை.

பிள்ளைபெற்ற வீட்டு உணவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி முதலியவற்றை அரைத்து ஆக்கிய சரக்குக் கறி, மீன், முட்டை, நல்லெண்ணெய் ஆகியவற்றைத் தாய்க்குக் கொடுத்தல் பல வீடுகளில் வழக்கம். இது பேற்றினால் தளர்ந்த உடலைத் தேற்றும் நல்வழக்கம். இதனைப் பாராட்டி ஊக்குவித்தல் வேண்டும். கர்ப்பிணி பப்பாசியைத் தவிர்த்தல் தீமையில்லாதது. வாழைப்பழமும் மாம்பழமும் கொய்யாவும் அவளுக்குக் கிடைக்குமாயின், பப்பாசிக்காக வாதிட்டு அவள் நம்பிக்கையை இழப்பதில் பயன் இல்லை. ஆனால் சீம்பாலைக் கறந்து ஊற்றிவிடுதலும், பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீரோ தேனோ கொடுத்தலும் தீமை தருவன. குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்குதல் வேண்டும். 6 மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தல் ஆபத்தானது. இங்கே விட்டுக்கொடுத்தற்கு இடமில்லை. தீமையில்லாத பத்து வழக்கங்களில் வாதிடாத ஆலோசகரின் சொல்லையே, இந்த ஒன்றில் அவ்வீட்டார் செவிமடுப்பர்.

தீயதை நீக்கும்போதும் போலேலாவிற் கண்ட வழியே சிறந்தது. பிள்ளைபெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அஞ்சி, அவளுக்கு நீரைக் குறைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பாலூட்டும் தாய் தாகம் தீரப் பருகவேண்டும். தண்ணீர் கொடுங்கள் என்று மாமியாருடன் வாதிடுவதிலும், மல்லித் தண்ணீரை இளஞ்சூட்டுடன் அடிக்கடி கொடுங்கள் என்று கேட்பது பயன் தரும். மல்லித் தண்ணீர் வழக்கத்துக்குள் அடங்கியது. ஆயினும் அது நீரே. கீரை குளிர்ச்சி என்று அஞ்சுகின்ற தாய்க்கு, உள்ளியும் மிளகும் சேர்த்துச் சமைக்கலாமே என்று நினைவூட்டுதல் போதும். குளிர்ச்சியை மாற்றும் வழி அவ்வழக்கத்தினுள்ளேயே உண்டு.

சில இடங்களில் தடை நம்பிக்கையிலன்றிப் பழக்கத்தில் இருக்கும். உணவுடன் தேநீர் அருந்துதல் அத்தகையது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. குருதிச்சோகையுள்ள கர்ப்பிணி ஒருத்தி, இரும்புக் குளிகையைத் தேநீருடன் விழுங்கினால் குளிகையின் பயனிற் பெரும்பகுதி வீணாகும். எனினும், விடியற்குளிரில் மலையேறித் தேயிலை கொய்யும் பெண்ணிடம் தேநீரை விடு என்பது கொடுமை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுமாறும், உணவுடன் தேசிக்காய்ச் சாறு சேர்க்குமாறும் சொல்லுதல் இயலக்கூடியது. குளிகையினால் மலம் கறுத்துப் போவது இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லாவிடின், உடம்பிற் சூடு ஏறிவிட்டது என்று அவள் குளிகையை ஒதுக்கிவிடுவாள்.

விரதமும் நோன்பும் இதனினும் நுண்ணியவை. நீரிழிவுள்ள ஒருவர் கந்தசஷ்டியின் 6 நாளும் ஒருவேளை உணவுடன் இருக்க எண்ணலாம். மற்றொருவர் ரமழான் முழுவதும் நோன்பு நோற்க எண்ணலாம். நோயாளிக்கு இஸ்லாம் சலுகை அளித்திருக்கிறது. ஆயினும், அச்சலுகையைப் பெற மனம் ஒப்பாதவர் பலர். வைத்தியர் கேளாவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே நோன்பு நோற்று, வழமையான மருந்தையும் உட்கொண்டு, குருதியிற் சீனி தாழ்ந்து மயங்கி விழுதலும் உண்டு. ஆதலின், அம்மாதம் பிறப்பதற்கு முன்னரே கேட்டறிந்து, நோற்கலாகாதவர் யார் எனத் தெளிவாகச் சொல்லி, நோற்கக்கூடியவருக்கு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைத்தல் வேண்டும். விரலிற் குத்திக் குருதிச் சீனியைச் சோதித்தல் நோன்பை முறிக்காது என மார்க்க அறிஞர் பலர் விளக்கியிருப்பதையும் எடுத்துக்கூறலாம். அதுபோலவே, குரக்கன் பிட்டை எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணும் நீரிழிவாளருக்கு, குரக்கனும் மாப்பொருளே, அளவு அதற்கும் உண்டு என்பதை அவர் வீட்டுக் கோப்பையாலேயே அளந்து காட்டுதல் நன்று. கிராம் கணக்கு அடுக்களையில் வழங்குவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும் வழக்கத்தின் மேல் ஏற்றிவிடுதல் ஆகாது. போலேலாவில் மக்கள் மெலிந்தமைக்குப் பால் விலக்கு ஒன்றே காரணமன்று. நிலம் போதாமையும், மண் அரிப்பும், ஆடவர் தொழில் தேடி ஊரைவிட்டுச் சென்றமையும் அதற்குப் பெருங் காரணங்களாய் இருந்தன. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் மீனும் முட்டையும் பால்மாவும் குறைந்துபோயின. அதற்கு எந்த விலக்கும் காரணமன்று. கையிற் காசில்லாத தாய், இல்லை என்று சொல்ல நாணி, எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை என்று சொல்வதுமுண்டு. வழக்கம் எது, வறுமை எது என்று பிரித்தறியாத ஆலோசகர், உதவி தேவைப்பட்ட இடத்தில் உபதேசம் செய்துவிட்டுப் போவார். 1973 இல் தொடங்கிய திரிபோஷ போன்ற சத்துமா விநியோகம் உபதேசத்தோடு உணவையும் சேர்த்துக் கொடுத்தமையாலேயே பயன்பட்டது. அதுவும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கிடப்படுகிறதா, உரிய பிள்ளைக்கே போய்ச் சேர்கிறதா என்று கனிவுடன் விசாரித்தல் அவசியம்.

ஆகவே, நல்ல ஆலோசனை கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நேற்றுக் காலை முதல் இரவு வரை வீட்டில் என்ன சமைத்தீர்கள்? சமைப்பவர் யார்? சந்தைக்குப் போய் வாங்குபவர் யார்? முதலில் உண்பவர் யார், இறுதியில் உண்பவர் யார்? இந்த நோய் எதனால் வந்தது என்று வீட்டிற் பேசிக்கொள்கிறார்கள்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்குமுன் சொல்லப்படும் அறிவுரை, அளவெடாது தைத்த சட்டையைப் போன்றது. தாயிடம் மாத்திரம் பேசிவிட்டு, அடுக்களையை ஆளும் மாமியாரையும் பணப்பையை ஆளும் கணவனையும் விட்டுவிடுதலும் பயனற்றது. நோயாளியின் மொழியிற் பேசுதல், இயலாவிடின் அம்மொழி அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுதல், சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டல் ஆகியனவும் மருந்துச் சீட்டைப் போன்றே முக்கியமானவை. இறுதியில் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்டல் போதும். பத்து மாற்றங்களைக் கேட்டால் ஒன்றும் நடவாது.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். அவ்வதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணும்போது, நோயுற்றவனை முதலிலும் தீர்ப்பவனை அடுத்தும் வைத்தார். அந்த வரிசையை மறவாத மருத்துவமாது, ஒரு வீட்டின் படியேறியதும் தன் புத்தகத்தை உடனே விரிக்கமாட்டாள். திண்ணையில் அமர்ந்து, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று முதலில் விசாரிப்பாள். மெலிந்த பிள்ளையை எடைபார்க்க மறுவாரமும் அத்தாய் வருவாளா என்பது பெரும்பாலும் அந்த விசாரணையிலேயே தங்கியிருக்கிறது.